ஒவ்வொரு யந்திரத்திலும் ஒரே வரைபடம்

வைகாசிப் பிரம்மோத்ஸவத்தில் கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக்கு எழுந்தருளும்போது, பாவு சுமந்து செல்லும் நெசவாளருக்கு ஊர் வீதிகள் யாவும் மனப்பாடமாதலால், ராஜவீதி அடைபட்டது என்ற செய்தி ஒன்றே போதும். மாற்றுவழியை அவரே நிச்சயித்துக்கொள்வார். கணினிகளிடையே செய்திகளை வழிநடத்தும் ரௌட்டர் என்னும் யந்திரங்களுக்கும் இத்தகைய ஞானத்தை அளிப்பதே ஓ.எஸ்.பி.எஃப். என்னும் முறை. அதில் ஒவ்வொரு ரௌட்டரும் தன் இணைப்புகளின் நிலையை மட்டும் அறிவித்து, பிறர் அறிவிப்பைச் சற்றும் மாற்றாமல் அண்டையாருக்கு அனுப்ப, எல்லாவற்றினிடமும் ஒரே வரைபடம் உருவாகிறது. பின்பு, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கின்படி அவை தத்தம் குறுகிய வழியைக் காண்கின்றன.

அறிவிப்பு பிழைபட்டால் விளையும் அனர்த்தத்தை அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு 1980 அக்டோபர் 27 அன்று அனுபவித்தது. ஒரு யந்திரத்தின் கோளாறினால் பிட்டுகள் உதிர்ந்து, அதன் அறிவிப்பு 8, 40, 44 என்னும் மூன்று வரிசையெண்களோடு உலவலாயிற்று; அக்காலத்து எண்கள் 63க்குப் பின் பூஜ்யத்துக்குத் திரும்புபவையாதலின், 40ஐவிட 44 புதிது, 44ஐவிட 8 புதிது, 8ஐவிட 40 புதிது என்று யந்திரங்கள் ஓயாது ஒன்றையொன்று திருத்திக்கொண்டிருக்க, வலையமைப்பு முழுவதும் சில மணி நேரம் ஸ்தம்பித்தது. 1989இல் தோன்றி, ஜான் மாய் 1998இல் எழுதிய வடிவில் இன்றும் வழங்கும் ஓ.எஸ்.பி.எஃப்.இல், எண்கள் அவ்வாறு சுழல்வதில்லை. அறிவிப்புக்கு ஆயுளும் உண்டு. அரைமணிக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டிய அது, ஒரு மணி நேரம் புதுப்பிக்கப்படாவிடில் நீக்கப்பட்டுவிடும்.

ஆகவே இம்முறையை அமைப்பவர் முதலில் பேண வேண்டியது சத்தியமே என்பேன். ஒவ்வொரு ரௌட்டருக்கும் தனி அடையாள எண் அவசியம். இரண்டுக்கு ஒன்றே அமைந்தால், ஒன்றின் அறிவிப்பை மற்றது தன்னுடையதென்று எண்ணி மறுத்து மறுத்து வெளியிட, பழைய கலகமே சிறிய அளவில் திரும்பும். வலையமைப்பின் உட்பிரிவாகிய ஏரியாவின் எண்ணும், வழக்கமாகப் பத்து விநாடிக்கொருமுறை செல்லும் ‘ஹலோ’ செய்தியின் கால அளவும், அது நின்றால் இணைப்பு அற்றதெனக் கொள்ளும் நாற்பது விநாடியும் இரு முனைகளிலும் பொருந்த வேண்டும். பல ஏரியாக்கள் இருப்பின் அனைத்தும் பூஜ்ய ஏரியாவையே பற்றி நிற்க வேண்டும். குறுகிய வழியைக் காணும் கணக்கில் இணைப்புக்குரிய மதிப்பைப் பல ரௌட்டர்கள் விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தை அளவுகோலாகக் கொண்டே கணிப்பதால், கிகாபிட் இணைப்பும் அதற்குச் சமமாகத் தோன்றும்; அந்த அளவுகோலை எல்லா ரௌட்டர்களிலும் ஒருசேர உயர்த்துவது உசிதம்.

அமைத்தபின், அண்டையாரின் நிலை ‘ஃபுல்’ என்று காட்டுகிறதா என்று நோக்குக. ‘எக்ஸ்ஸ்டார்ட்’ என்ற நிலையிலேயே தயங்கி நின்றால், ஒரே பொட்டலமாக அனுப்பத்தக்க பேரளவாகிய எம்.டி.யூ. இரு முனைகளிலும் ஒத்திருக்கிறதா என்று முதலில் சோதிக்க.