ஒரு வயர் மாறினால் போச்சு! எழுதிக் கொடுத்தால் படம் போட்டுத் தரும் கம்ப்யூட்டர். வாசலுக்கு யார் காவல்?

ஒரே ஒரு வயர் இடம் மாறினால் போதும். மெஷின் ஓடாது. சில நேரம் புகையே வந்துவிடும். அதனால்தான் வயரிங் வேலைக்கு முதலில் படம் போடுகிறார்கள்.

அந்தப் படத்தை இப்போது கையால் வரைய வேண்டியதில்லை. எந்தப் பின்னிலிருந்து எந்தப் பின்னுக்கு, என்ன நிற வயர் என்று சில வரிகள் எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிறது. காசும் கிடையாது.

இந்தப் புரோகிராமின் பெயர் 'வயர்விஸ்'. 2020-ல் வெளிவந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பூட்டி வைக்காமல் ஊருக்கே திறந்து விட்டிருக்கிறார்கள். இதை 'ஓப்பன் சோர்ஸ்' என்பார்கள்.

இதையே இன்டர்நெட் சேவையாக மாற்ற 'வயர்விஸ்-வெப்' என்ற இன்னொரு புரோகிராமும் வந்திருக்கிறது. வசதிதான். ஆனால் வீட்டுக்குள் இருந்த கருவி வீதிக்கு வரும்போது கதையே வேறு!

வாய்க்கு நேரே காது

ஒரு சின்ன உதாரணம். பழைய கம்ப்யூட்டர்களின் பின்புறம் 9 பின் உள்ள கனெக்டர் இருக்கும். அதில் 2-ம் பின் கேட்கிற காது. 3-ம் பின் பேசுகிற வாய். 5-ம் பின் கிரவுண்டு.

இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைத்தால் இங்குள்ள வாய் அங்குள்ள காதுக்குப் போக வேண்டும். வாயை வாயோடு கட்டிவிட்டால்? இரண்டும் பேசும். கேட்கத்தான் ஆள் இருக்காது.

வயர்விஸுக்கு இதை மூன்று பகுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் கனெக்டர்கள். அடுத்து கேபிள்: எத்தனை வயர், எவ்வளவு நீளம், என்ன கனம். கடைசியில் எது எதோடு சேர வேண்டும் என்ற விவரம். ஜெர்மன் முறை நிறங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதல் வயருக்கு வெள்ளை, அடுத்ததற்குப் பிரவுன், மூன்றாவதற்குப் பச்சை என்று அதுவே நிறம் போட்டுவிடும்.

படத்தோடு சாமான் பட்டியலும் வரும். எத்தனை கனெக்டர், எவ்வளவு கேபிள் என்று கடைக்கு எடுத்துப் போகச் சீட்டு ரெடி!

வீதிக்கு வந்தது ஏன்?

இதை ஓட்ட 'பைத்தான்' வேண்டும். கோடு இழுத்துப் படம் போட 'கிராப்விஸ்' வேண்டும். அது அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. ஆய்வுக்கூடத்தில் பிறந்த புரோகிராம். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இரண்டையும் ஏற்றி உட்கார வைப்பது தலைவலி.

இன்டர்நெட் சேவை என்றால் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். நாம் எழுத்தை அனுப்பினால் படம் திரும்பி வரும். செல்போன் இருந்தாலே போதும்.

எழுத்துக்குள் ஒளிந்த ஆசாமி

இங்கேதான் உஷார் தேவை. நம் கம்ப்யூட்டரில் நாமே எழுதிக் கொடுத்தால் பயமில்லை. பொதுச் சேவையில் எழுதி அனுப்புவது யாரோ, எவரோ!

வயர்விஸ் படிப்பது 'ஒய்.ஏ.எம்.எல்.' என்ற முறையில் எழுதிய எழுத்து. பார்க்க வெறும் பட்டியல் மாதிரி இருக்கும். ஆனால் அதைப் படிக்கும் புரோகிராம் கவனக்குறைவாக இருந்தால், பட்டியலுக்குள் ஒளித்து வைத்த கட்டளை சர்வரிலேயே ஓடிவிடும்.

இது கற்பனை அல்ல. 2013 ஜனவரியில் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற பிரபல கருவியில் இப்படிப்பட்ட ஓட்டை வெளியே வந்தது. ஒய்.ஏ.எம்.எல். வழியாக யாரோ ஒருவர் சர்வருக்குள் கைவரிசை காட்ட முடியும் என்று தெரிந்து, உலகம் முழுவதும் அவசரமாகத் திருத்தம் போட்டார்கள். பைத்தானில் இதற்கென்றே பாதுகாப்பாகப் படிக்கும் வழி தனியாக இருக்கிறது. அதை விட்டு வேறு வழியில் படித்தால் அவ்வளவுதான்.

இன்னொரு கில்லாடித்தனமும் உண்டு. 10 வார்த்தைக்கு ஒரு பெயர் வைப்பது. அந்தப் பெயரை 10 முறை எழுதி அதற்கு இன்னொரு பெயர். இப்படி 9 படி ஏறினால் 100 கோடி வார்த்தை! அனுப்பியது ஒரே பக்கம். விரித்துப் படிக்கப் போன சர்வர் மூச்சு முட்டிப் படுத்துவிடும்.

படத்தில் போட்டோ சேர்க்கவும் வயர்விஸில் வசதி இருக்கிறது. கேட்ட பைலை எல்லாம் எடுத்துக் கொடுக்கும்படி விட்டால், சர்வரில் இருக்கும் அடுத்தவர் பைலுக்கும் ஆபத்து.

ஆகவே சேவை நடத்துகிறவர் வாசலில் காவல் போட வேண்டும். வருகிற எழுத்துக்கு அளவு வேண்டும். வேலைக்கு நேரக் கெடு வேண்டும். படம் போடும் புரோகிராமைத் தனி அறையில் அடைத்து வைத்தது போல ஓட விட வேண்டும்.

லைசென்ஸில் ஒரு சந்து

வயர்விஸ் வெளிவந்திருப்பது 'ஜி.பி.எல். 3' என்ற உரிமத்தில். இந்த உரிமம் 2007 ஜூனில் வந்தது. புரோகிராமைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலத்தையும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

இன்டர்நெட் சேவையில் புரோகிராம் கை மாறுவதில்லை. படம் மட்டும்தான் வருகிறது. ஆகவே மாற்றம் செய்தவர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம்! இந்தச் சந்தை அடைக்கத்தான் அதே ஆண்டு நவம்பரில் 'ஏ.ஜி.பி.எல். 3' வந்தது. அந்த உரிமம் உள்ள புரோகிராமை மாற்றி நெட்டில் ஓட்டினால், பயன்படுத்துகிறவர் மூலத்தைப் பெற வழி செய்ய வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

வயரிங் படம் பல பட்டறைகளுக்குத் தொழில் ரகசியம். முகம் தெரியாத சர்வருக்கு அதை அனுப்பும் முன் யோசியுங்கள். ஓப்பன் சோர்ஸ் என்பதால், சொந்த ஆபீசிலேயே ஒரு கம்ப்யூட்டரில் சேவையை ஓட்டிக்கொள்ளலாம். ரகசியம் வாசல் தாண்டாது.

இன்னொன்று. படம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக இணைப்பு சரி என்று ஆகிவிடாது. தப்பாக எழுதிக் கொடுத்தால் தப்பையும் அழகாகத்தான் வரைந்து தரும். கரண்ட் கொடுக்கும் முன் மீட்டர் வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்துவிடுங்கள்!