பழைய மாருதியில் கியர் கடிக்கிறதா? பாக்ஸை இறக்கும் முன் கார்புரேட்டரையும் பாருங்கள்

பாகூர், வில்லியனூர் பக்கமிருந்து விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு நெல்லித்தோப்புக்கு வரும் பழைய ஆம்னி, வழியில் முரண்டு பிடித்தால் அன்றைய விலை போய்விடும். பட்டறையில் "கியர் பாக்ஸ் போச்சு" என்று சொல்லிவிட்டால் வண்டி பல நாள் நிற்கும். பறித்த காய் அதுவரை காத்திருக்காது. ஆனால் கியர் கோளாறு போலத் தெரிபவற்றில் பல, கிளட்ச் கேபிளிலோ கார்புரேட்டரிலோ இருக்கும். 2000-க்கு முந்தைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கியர் ராடு, புஷ் தேய்ந்திருக்கலாம். நிறுத்தினால் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பெடலில் வெறும் ஆட்டம் சுமார் 2 செ.மீ. இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் கேபிளை இறுக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

இங்கேதான் கார்புரேட்டர் உள்ளே வருகிறது. சோக் ஒட்டிக்கொண்டோ, ஐடிலிங் கூடிப்போயோ இன்ஜின் வேகமாக ஓடினால், நல்ல கிளட்ச் உள்ள வண்டியிலும் ரிவர்ஸ் கடிக்கும். கிளட்சை மிதித்து நாலைந்து விநாடி பொறுத்துப் போடுங்கள். அப்போதும் கடித்தால் ஐடிலிங்கைக் குறைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

"மேடு ஏறவில்லை" என்பதிலும் இதே குழப்பம்தான். இன்ஜின் சத்தம் ஏறி, வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப். இன்ஜினே திணறினால் பெட்ரோல் அல்லது நெருப்புப் பக்கக் கோளாறு. சந்தேகமாக இருந்தால் சமதரையில், முன்னால் யாரும் நிற்காமல், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நாலாவது கியரில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் பாக்ஸின் உள் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். ஓடும்போது கியர் தானாகக் கழன்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது பாக்ஸ் வேலைதான். எதற்கும் முன் கியர் ஆயில் அளவைப் பாருங்கள்.

கார்புரேட்டரில் கை வைக்கும் முன் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். அறுவடை நேரத்துத் தூசியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு அல்லது வெடித்த வேக்கம் டியூப் வழியாகக் காற்று இழுக்கிறது.

ட்யூனிங்கை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சோக் முழுதும் திறந்த நிலையில், கொட்டகைக்கு வெளியே செய்யுங்கள். புகை உயிருக்கு ஆபத்து; பீடியும் பக்கத்தில் கூடாது. மிக்சர் ஸ்குருவைக் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் அதிகமாகவும் சீராகவும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடில் ஸ்குருவால் வேகத்தைக் குறையுங்கள். மிக்சர் ஸ்குரு ஐடிலிங்குக்குத்தான். அழுத்தியதும் ஒரு நொடி மூச்சுத் திணறினால் ஆக்சிலேட்டர் பம்ப். வேகத்தில் மட்டும் திணறினால் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், மெயின் ஜெட். இதற்கெல்லாம் ஸ்குருவைத் திருகிப் பயனில்லை.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. நம் கரும்பும் மக்காச்சோளமும்தான் அதில் போகின்றன என்றாலும், பழைய வண்டியின் ரப்பர் குழாய்க்கும் டயாஃபிரமுக்கும் அது ஒத்துக்கொள்ளாது. தண்ணீரையும் இழுக்கும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும்படி செய்துவிட்டு நிறுத்துங்கள். குழாய் உப்பியோ வழவழப்பாகவோ இருந்தால் உடனே மாற்றுங்கள்.