பொத்தானைத் தொடும் முன் ஹிரோஷிமாவைப் பாருங்கள், தலைவர்களே!

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இப்போது துணைநிலை ஆளுநர் வருகிறார். ஆள்கிறவர் நேரில் வந்து மக்களோடு நிற்க வேண்டும் என்பது இந்த ஊருக்குப் பழகிப்போன எதிர்பார்ப்பு.

அணு ஆயுத விஷயத்திலும் அதே எதிர்பார்ப்பு நியாயமானதுதான். அதைக் கேட்கும் உரிமை புதுச்சேரிக்குக் கொஞ்சம் அதிகம். இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பிரான்ஸ் அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கின்றன. மற்றவர்கள் இந்தியத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். இரண்டுமே அணு ஆயுத நாடுகள்!

பிரான்ஸ் 1960 முதல் 1996 வரை 210 அணுச் சோதனைகள் நடத்தியது. அவற்றில் 193 பசிபிக் கடலின் பிரெஞ்சு பாலினீசியத் தீவுகளில் நடந்தவை. கதிர்வீச்சால் புற்றுநோய் வந்ததாகக் கூறி, அந்தத் தீவு மக்கள் இன்றும் இழப்பீடு கேட்டுப் போராடுகிறார்கள். 2021 ஜூலையில் அங்கே சென்ற அதிபர் மக்ரோன், பிரான்ஸ் அவர்களுக்குக் கடன்பட்டிருப்பதாக ஒப்புக்கொண்டார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த அதே 1954-ல், அணுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி உலக நாடுகளிடம் குரல் கொடுத்தார் நேரு. 1957-ல் ஹிரோஷிமாவுக்கே சென்றார். 2023 மே மாதம் பிரதமர் மோடி அங்குள்ள அமைதி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டார். குண்டு போட உத்தரவிட்ட அமெரிக்க அதிபர் ட்ரூமன் கடைசிவரை அங்கே போகவே இல்லை. பதவியில் இருக்கும்போது சென்ற முதல் அமெரிக்க அதிபர் ஒபாமா. அதுவும் 2016-ல்தான்.

அங்கே என்ன இருக்கிறது? நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். மகனோடு சேர்த்துப் புதைத்ததைத் தந்தை பல ஆண்டுகள் கழித்துத் தோண்டியெடுத்துக் கொடுத்தார்.

குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் சுற்றளவு சாம்பலானது. வில்லியனூர் கோயிலை நடுவில் வைத்து அப்படி ஒரு வட்டம் போட்டால் வீடுகள், கடைவீதி, பள்ளிகள், ரயில் நிலையம் எல்லாமே உள்ளே வந்துவிடும். 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள்.

நேரில் பார்த்த தலைவர்கள் யாரும் ஆயுதங்களைக் கைவிட்டுவிடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பார்த்தவருக்கு, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் வசதி இல்லை.

உயிர் பிழைத்தவர்களின் அமைப்பான ‘நிஹான் ஹிடான்க்யோ’வுக்கு 2024-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பிழைத்தவர்களின் சராசரி வயது இப்போது 85-ஐத் தாண்டிவிட்டது. தலைவர்கள் அருங்காட்சியகத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்த மனிதர்களின் எதிரே உட்கார்ந்து கேட்க இன்னும் சில வருடங்களே இருக்கின்றன!