அணைக்குள் பெருகிய கடல் மீன்

ஏரியில் ஒருமுறை மீன்குஞ்சு விட்டால் ஆண்டுதோறும் அது தானே பெருகும் என்று எண்ணுவோர் நம் கிராமங்களில் இன்றும் பலர். எல்லா மீனும் அவ்வாறு பெருகுவதில்லை. அதன் காரணத்தை அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சான்டி கூப்பர் நீர்த்தேக்கங்கள் நன்கு விளக்குகின்றன.

மின்சார உற்பத்தியை முக்கிய நோக்கமாகக் கொண்டு 1939-ல் அங்கு வேலை தொடங்கி, 1942-ல் முடிவுற்றது. சான்டி ஆற்றின் குறுக்கே எழுந்த அணையால் மேரியன் ஏரியும், அதனுடன் கால்வாயால் இணைந்த மௌல்ட்ரி ஏரியும் உண்டாயின. இரண்டும் சேர்ந்து சுமார் 1,70,000 ஏக்கர் பரப்புடையவை.

ஸ்ட்ரைப்டு பாஸ் என்பது வெள்ளி நிற உடலில் ஏழெட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும் மீன். நம் கொடுவாயைப் போலக் கடலிலும் நன்னீரிலும் வாழ வல்லது. ஆனால் கொடுவா முட்டையிடக் கழிமுகத்திற்கு இறங்கும். இதுவோ ஆற்றில் ஏறிச் செல்லும். கடல்வழி அடைபட்ட பின்னும் இம்மீன் அந்த நீர்த்தேக்கங்களில் அழியாமல் பெருகியது.

காரணம் ஏரியில் இல்லை. ஏரிக்கு மேலே உள்ள ஆறுகளில் இருக்கிறது. இம்மீனின் முட்டை நீரைவிடச் சற்றே கனமானது. பொரிப்பதற்குச் சுமார் இரண்டு நாள் ஆகும். அதுவரை ஓடும் நீர் அதனைத் தாங்கிச் செல்ல வேண்டும். நிலைநீரில் அது அடியில் படிந்து, சேற்றில் மூச்சுமுட்டி அழியும். மேரியன் ஏரிக்கு மேலே காங்கரி, வாட்டரி ஆறுகள் தடையின்றி நெடுந்தூரம் ஓடி வருவதால் முட்டை மிதந்து வந்து பொரிக்கிறது. ஏரியில் ஹெர்ரிங், ஷாட் என்னும் சிறு மீன்கள் இரையாக மிகுந்துள்ளன.

நம் கட்லா, ரோகு, மிர்கால் மீன்களும் வெள்ளம் பாயும் ஆற்றில்தான் முட்டையிடும், குளத்தில் இடா. ஆகவேதான் 1957-ல் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியால் செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தார். தென் கரோலினாவின் மாங்க்ஸ் கார்னர் குஞ்சு பொரிப்பகத்திலும் 1960-களில் ஹார்மோன் ஊசி முறை கைகூடியது. ஓடும் ஆறு வாய்க்காத பிற நீர்த்தேக்கங்களில் பொரிப்பகக் குஞ்சுகளை மீண்டும் மீண்டும் விட்டே இம்மீனைக் காக்கின்றனர்.

சான்டி கூப்பரில் உயிருள்ள ஹெர்ரிங்கைத் தூண்டிலில் கோத்து இதனைப் பிடிப்பர். இரையை மேலே துரத்தும் மீன்கூட்டத்தைக் கடற்காகங்கள் வட்டமிடுவதைக் கொண்டே கண்டறிவர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் பிடிக்கத் தடை உண்டு. நம் கடற்கரையில் தடைக்காலம் இனப்பெருக்கத்தை முன்னிட்டது. அங்கு இது வெப்பத்தை முன்னிட்டது. கோடையில் மேல்நீர் சூடேறும். ஆழத்திலோ பிராணவாயு குறையும். அக்காலத்தில் தூண்டிலில் போராடிக் களைத்த மீனைத் திரும்ப நீரில் விட்டாலும் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை.