உறைகுளிர் திரவத்தைப் படிக்கும் ஒளி

கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே கூடி உண்டான பொருள்களை விஞ்ஞானிகள் ஹைட்ரோகார்பன்கள் என்பர். மண்ணெண்ணெய், பெட்ரோல், அடுப்பெரிக்கும் வாயு ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. தோட்டங்களில் பால்மரம் தரும் ரப்பரும் அடிப்படையில் இவ்வினமே. இவை யாவற்றுள்ளும் எளிய அமைப்புடையது மீத்தேன். இயற்கை வாயுவின் பெரும்பகுதி அதுவே.

பூச்சியத்துக்குக் கீழ் 162 பாகை செண்டிகிரேடு வரை குளிர்வித்தால் மீத்தேன் திரவமாகிறது. அப்போது அதன் பருமன் ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சரவாக் மாநிலத்துப் பிந்துலுவிலிருந்து 1983ஆம் ஆண்டு முதல் ஜப்பானுக்குக் கப்பலேறி வருவது இவ்வாறு திரவமாக்கப்பட்ட இயற்கை வாயுவே.

இத்திரவம் தனி மீத்தேன் அன்று. ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் என்னும் ஹைட்ரோகார்பன்களும் சிறிது நைட்ரஜனும் அதில் கரைந்துள்ளன. விலையோ, எத்தனை கன மீட்டர் என்பதை மட்டும் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. எரித்தால் எவ்வளவு வெப்பம் தரும் என்பதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. சம பருமனுள்ள வாயுக்களை எரித்தால், மீத்தேன் தரும் வெப்பத்தைப்போல் இரண்டரை மடங்கைப் புரொப்பேன் தரும். நைட்ரஜனோ எரிவதே இல்லை. ஆகவே எப்பொருள் எத்தனை பங்கு என்று துல்லியமாக அறிதல் வேண்டும். 170,000 கன மீட்டர் கொள்ளும் கப்பல் ஒன்றின் கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் விற்பவருக்கோ வாங்குபவருக்கோ பெருந்தொகை நட்டமாகும்.

கொதித்தால் நேரும் பிழை

திரவத்தில் சிறிதளவை எடுத்து, ஆவியாக்கி, அந்த வாயுவைக் கருவியில் செலுத்திப் பிரித்தறிவதே நெடுங்கால வழக்கம். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மீத்தேன் பூச்சியத்துக்குக் கீழ் 162 பாகையில் கொதிக்கிறது. ஈத்தேனுக்கு அது 89 பாகை. புரொப்பேனுக்கு 42 பாகை. செல்லும் வழியில் குழாய் சற்றே வெப்பமுற்றாலும் மீத்தேன் முந்திக்கொண்டு ஆவியாகும், கனமானவை பின்தங்கும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் டூலாங் தட்டில் மணலை அலசியதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். இலேசான மணல் முதலில் ஓடிவிடும். கனத்த ஈயமண் தட்டில் தங்கும். தட்டில் எஞ்சியதை மட்டும் பார்த்து, அள்ளிய மண் முழுவதும் அத்தன்மையதே என்று முடிவு செய்யலாகுமா?

அப்படியாயின் திரவத்தைக் கொதிக்கவிடாமல், இருந்த நிலையிலேயே வைத்து ஆராயும் வழி யாது? அதற்கு விடை தருவது ஒரு தமிழரின் பெயரால் வழங்கும் ஒளி விளைவாகும்.

இராமன் விளைவு

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமனும், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஏறக்குறைய 60 திரவங்களைத் தூய்மைப்படுத்தி, அவற்றினூடே ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தனர். சிதறிவந்த ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறியிருந்தது.

காரணம் இதுதான். மூலக்கூறில் அணுக்கள் சுருள்வில்லால் பிணைத்தாற்போல் அதிர்கின்றன. அதன்மீது படும் ஒளி, தன் ஆற்றலில் ஒரு பகுதியை அவ்வதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, குறைந்த ஆற்றலுடன், அதாவது வேறு நிறத்துடன், வெளியேறுகிறது. எவ்வளவு கொடுத்தது என்பது பிணைப்புக்குப் பிணைப்பு வேறுபடும். ஆகவே மாறிய நிறமே மூலக்கூறின் அடையாளமாகிறது. இக்கண்டுபிடிப்புக்காக இராமன் 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

கடுங்குளிர் திரவங்களிலும் இவ்விளைவு தோன்றும் என்பது விரைவிலேயே தெரியவந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் மக்லென்னன், மக்லியோட் ஆகியோர் திரவ ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றில் அதனைக் கண்டு 1929இல் வெளியிட்டனர்.

ஆயினும் விழும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு அளவே இவ்வாறு மாறுகிறது. அந்நாளில் பாதரச விளக்கைக் கொண்டு நெடுநேரம் புகைப்படத் தகட்டில் பதிய வேண்டியிருந்தது. 1960இல் லேசர் பிறந்தபின் நிலைமை மாறியது. ஒரே நிறமுடைய வலிய ஒளிக்கற்றை கைக்குக் கிடைத்தது.

லேசர் காட்டும் கணக்கு

இன்று நீலக்கல் சன்னல் பொருத்திய உலோகக் குழல் ஒன்றைக் குளிர்ந்த திரவம் ஓடும் குழாயில் செருகி, கண்ணாடி இழைவழியே லேசர் ஒளியை அனுப்புகின்றனர். 532 நானோமீட்டர் பச்சை ஒளியை அனுப்பினால், மீத்தேனின் கரி-ஹைட்ரஜன் பிணைப்பு அதனை ஏறத்தாழ 630 நானோமீட்டர் சிவப்பாக்கித் திருப்புகிறது. மீத்தேனில் கரியணு ஒன்றே. ஆதலால் கரிக்கும் கரிக்கும் இடையே பிணைப்பு இல்லை. ஈத்தேனில் அது உண்டு. ஏறத்தாழ 562 நானோமீட்டரில் தன் கோட்டைக் காட்டும். புரொப்பேன் 558இல் காட்டும். கோடு எங்கே என்பது பொருளின் பெயரைச் சொல்கிறது. எவ்வளவு பிரகாசம் என்பது அதன் அளவைச் சொல்கிறது. திரவம் நிறமற்றதாதலால் இவ்வொளியை உட்கொண்டு சூடேறுவதும் இல்லை எனலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. திரவத்தில் குமிழி தோன்றினால் ஒளி தாறுமாறாகச் சிதறும். ஆகவே கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே அதனை வைத்திருத்தல் வேண்டும். அளவு தெரிந்த கலவைகளைக் கொண்டு கருவியை முன்னதாகச் சரிபார்த்தலும் இன்றியமையாதது. ஆயினும் எடுத்துச் செல்லாமலும் ஆவியாக்காமலும் சில நிமிடங்களில் விடை கிடைப்பது பெரும் பயனேயாம்.

கல்கத்தாவில் அவ்வறிஞர்கள் தேடியது வாணிபக் கணக்கன்று. ஒளி ஏன் இவ்வாறு சிதறுகிறது என்னும் உண்மையையே தேடினர். அவ்வுண்மை இன்று கடல் கடந்த வாணிபத்தில் நடுநிலை தவறாத துலாக்கோலாக நிற்கின்றது.