சேற்றுவழிச் சக்கரங்கள் – 9: மலைச் சைக்கிளின் பிரேக்கும் டெல்டாவின் வண்டலும்

கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தைக்கூட எட்டாத தஞ்சாவூர்ச் சமவெளியில் ‘மலைச் சைக்கிள்’ என்ற பெயர் சற்றே வேடிக்கையாக ஒலித்தாலும், புது ஆறு என்று வழங்கும் கல்லணைக் கால்வாயின் கரையிலும் வெண்ணாறு, வெட்டாறு ஆகியவற்றின் கரைத்தடங்களிலும் அகன்ற டயருடைய அவ்வண்டியே சிரமமின்றிச் செல்லும் என்பதால், இங்குள்ளோர் அதை வாங்குவதில் பொருள் உண்டு. நீண்ட இறக்கங்களில் எழும் வெப்பமே மலையில் அதன் பிரேக்குக்குப் பகை. இறக்கமே இல்லாத டெல்டாவில் அந்த இடத்தை நீரும் வண்டலும் பிடித்துக்கொள்வதால், பழுதைத் தேடும் வரிசையும் மாற வேண்டியிருக்கிறது.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில், கைப்பிடியை அழுத்தும்போது அதனுள் இருக்கும் சிறு பிஸ்டன் எண்ணெயைத் தள்ள, அந்த அழுத்தம் குழாய் வழியே சக்கரத்தருகே உள்ள காலிப்பர் என்னும் பிடிப்பானை அடைந்து, அங்குள்ள பெரிய பிஸ்டன்களை நகர்த்தி, இரு பேடுகளையும் தட்டின்மீது இறுக்குகிறது. கையை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னிழுப்பது அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல். அழுத்தத்தில் வளைந்த அது நிமிரும்போது பிஸ்டன் மிகச் சிறிதளவே பின்வாங்குகிறது. சம்பா நடவுக் காலத்துச் சேறு பிஸ்டனின் வெளிவிளிம்பில் காய்ந்து படிந்துவிட்டால், ஒரு பிஸ்டன் நகர மறுக்க, ஒரு பக்கப் பேட் மட்டும் தட்டில் உரசிக்கொண்டே இருக்கும். பேடுகளைக் கழற்றி, கைப்பிடியை மெல்ல அழுத்திப் பிஸ்டன்களைச் சற்று வெளிக்கொணர்ந்து, அவற்றின் விளிம்பைத் துடைத்து, பிளாஸ்டிக் நெம்பியால் உள்ளே தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உலோகத் திருப்புளி பிஸ்டனைக் கீறிவிடும். சேற்றுழவுக்கு இறங்கும் டிராக்டர்களில் இதே தொல்லைக்கு, தட்டுகளை எண்ணெய் நிரம்பிய மூடிய பெட்டிக்குள் வைக்கும் ‘ஆயில் பிரேக்’ தீர்வாக வந்தது. எடை கூடும் என்பதால் சைக்கிளில் அதற்கு இடமில்லை. தட்டு திறந்தே கிடக்க வேண்டியிருக்கிறது.

திறந்த தட்டு வேறு வினைகளையும் தேடிக்கொள்கிறது. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலைகளில் பரப்பப்படும் வைக்கோல் தட்டுக்கும் காலிப்பருக்கும் இடையே சுற்றிக்கொள்ளும். சங்கிலிக்கு அடிக்கும் எண்ணெய் தட்டில் தெறித்தால் பேட் அதை உறிஞ்சி, பிரேக் கிறீச்சிட்டுப் பிடிப்பிழக்கும். தட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துச் சுத்தம் செய்யலாம். எண்ணெய் ஊறிய பேடை மாற்றுவதே மேல். பிசின் கலந்த பேட் மணற்சேற்றில் விரைவில் தேய்ந்துபோவதால் உலோகத்தூள் பேட் இங்கே பொருத்தமானது, ஆனால் தட்டில் அதற்குத் தடை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கைப்பிடி பஞ்சுபோல் அமுங்கினால் எண்ணெய்க்குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். பஞ்சர் கடைகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவது பழைய வழக்கம். கம்பி பிரேக்குக்கு அதனால் கேடில்லை, ஆனால் ஹைட்ராலிக்கில் கைப்பிடியருகே உள்ள எண்ணெய்த் தொட்டியின் காற்று குழாய்க்குள் இறங்கிவிடக்கூடும். வண்டியை நிமிர்த்திக் கைப்பிடியைச் சில முறை மெதுவாக அழுத்த அது தொட்டிக்கே திரும்புவதுண்டு. திரும்பாதபோதுதான் ‘ஏர் எடுத்தல்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் வேலை தேவைப்படுகிறது.

கடும் பிழை நிகழ்வதும் அங்கேதான். மோட்டார் சைக்கிளுக்குரிய டாட் 4 எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதன் கொதிநிலைக்குத் தரவிதி கோரும் குறைந்தபட்ச அளவு 230 டிகிரி செல்சியஸ் என்றால், 3.7 சதவீத நீர் கலந்த நிலையில் 155 டிகிரி. ஷிமானோ, மகூரா பிரேக்குகளோ கனிம எண்ணெயில் இயங்குபவை. அது நீரை உறிஞ்சாவிட்டாலும், உட்புகுந்த நீர் காலிப்பரின் அடியில் தங்கி அரிப்பை உண்டாக்கும். ஒன்றுக்குரிய சீல் மற்றதன் எண்ணெயில் உப்பிச் சிதைந்துவிடும் என்பதால், கனிம எண்ணெய்ப் பிரேக்கில் டாட் எண்ணெயை ஊற்றுவது பிரேக் முழுவதையும் மாற்றும் செலவில் போய் முடியலாம். தொட்டியின் மூடியிலோ கையேட்டிலோ எண்ணெயின் வகை குறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் மூடியைத் திறப்பதற்கு முன் வாசகர்கள் அதைத் தாமே பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.