வீடு வேறு, பட்டறை வேறு

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்திலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் தீப்பெட்டி ஆலையையும் பட்டாசு ஆலையையும் மக்கள் ‘ஆபீஸ்’ என்றே அழைத்து வருகின்றனர். 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது முதல், தலைமுறை தலைமுறையாக இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சோறிட்டு வருவது இந்த ஆபீஸ்தான். ஆகவே மற்ற ஊர்களில் வீட்டுப் பாதுகாப்பைப் பற்றி எழுதுவோர் அடுப்பிலிருந்து தொடங்குவதைப் போல் நாம் இங்குத் தொடங்க இயலாது. ஆபீஸிலிருந்து வீட்டிற்குள் என்னென்ன நுழைகின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

உரிமம் பெற்ற பட்டாசு ஆலை ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். மருந்து கலக்கும் அறையும் மருந்து செலுத்தும் அறையும் ஒன்றுக்கொன்று விலகித் தனித்தனியே நிற்கும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யலாகாது. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கும். யாரும் அவற்றின் குறுக்கே எதையும் வைப்பதில்லை. இரும்புக் கருவிகளுக்கு உள்ளே இடமில்லை. தரையில் ரப்பர் விரிப்பு இருக்கும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் தரைக்குள் இறங்குவதற்காக, நுழையும்போதே உலோகத் தகடு ஒன்றைத் தொட்டுவிட்டுச் செல்ல வேண்டும். பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். இடி மின்னல் என்றால் வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். இத்தனையும் வெறும் சம்பிரதாயத்திற்காக ஏற்பட்டவை அல்ல. உராய்வு, வெப்பம், ஒரு சிறு பொறி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றே போதும் என்பதைப் பல உயிர்களைக் கொடுத்துக் கற்றபின் வகுத்த விதிகள் இவை. இவ்வளவு விதிகள் இருந்தும், அவை மீறப்படும் இடங்களில் உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12ஆம் நாள் நேர்ந்த வெடிவிபத்தில் சுமார் 20 பேர் மாண்டனர்.

இந்த வேலையையே ஒரு வீட்டின் கூடத்தில் வைத்துச் செய்தால் என்னவாகும்? வீட்டிற்குள் அடுப்பு எரிகிறது, சுவரில் மின்விசைகள் இருக்கின்றன, குழந்தை தவழ்கிறது, வாயில் ஒன்றே ஒன்று, சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் உறங்குகின்றனர். ஆயினும் கருந்திரி தயாரிப்பதும், சரவெடி பின்னுவதும், மருந்து அடைத்த குழாய்களுக்குத் திரி செருகுவதும் இவ்வட்டாரத்தில் சில வீடுகளுக்குள் திருட்டுத்தனமாக நடந்து வருகின்றன. 2021 ஜூன் மாதம் தாயில்பட்டியில் பட்டாசு வைத்திருந்த ஒரு வீடு வெடித்தபோது இறந்தவர்களுள் ஐந்து வயதுச் சிறுவனும் ஒருவன்.

அத்தகைய வேலையை ஏற்கும் தாய்மாரைக் கடிந்து பேசுவது எளிது. கைக்குழந்தையை விட்டுவிட்டு ஆபீஸுக்குச் செல்ல முடியாதவர்களும், தீபாவளி கழிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்களில் வருமானமின்றித் தவிப்பவர்களுமே பெரும்பாலும் இதற்கு இசைகின்றனர். வீட்டு வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு, மாலையில் எண்ணிக்கைக்குக் கூலி தந்து எடுத்துச் செல்பவனுக்கோ ஓர் ஆபத்தும் இல்லை. வெடித்தால் போவது அவன் வீடு அன்று. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி உரிமமின்றி வெடிபொருள் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். வழக்கும் பெரும்பாலும் வீட்டிலிருப்பவர் பேரிலேயே விழும்.

வீட்டில் செய்யத்தக்க வேலையே இல்லை என்பதன்று. காகிதக் குழாய் சுருட்டலாம், அட்டைப் பெட்டி ஒட்டலாம், லேபிள் ஒட்டலாம். மருந்து தொடாத காகித வேலைக்கும் மருந்து தொட்ட வேலைக்கும் உள்ள எல்லையை மட்டும் ஒருபோதும் தாண்டக் கூடாது. ‘கொஞ்சம் மருந்துதானே’, ‘ஈரமாகத்தானே இருக்கிறது’ என்று வருகிறவர் சொல்வதை நம்பாதீர்கள். ஈரத்தை நம்புவது பெருந்தவறு. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த கலவை சிறிதளவு ஈரம்பட்டால் தானாகவே உள்ளுக்குள் சூடேறி, யாரும் தொடாதபோதும் தீப்பற்றக்கூடும். குளோரேட்டு உப்புடன் கந்தகத்தைக் கலப்பதை மத்திய அரசு 1992ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. அக்கலவை சிறு உராய்வுக்கே வெடித்துவிடும் என்பதே காரணம். கள்ளத்தனமாகக் கலந்து கொண்டுவரும் மருந்தில் என்ன இருக்கிறது என்பதை வீட்டிலுள்ளவர் எவ்வாறு அறிய முடியும்?

வீட்டை வாடகைக்கு விடுவோருக்கும் ஒரு வார்த்தை. பின்கட்டு அறையையோ தகரக் கொட்டகையையோ ‘பேப்பர் வைக்க’ என்று கேட்டுச் சற்றுக் கூடுதலாகவே வாடகை தருவார்கள். கூடுதல் வாடகையே முதல் எச்சரிக்கை என்று கொள்ளுங்கள். என்ன பொருள் வைக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை முன்னறிவிப்பின்றி உள்ளே சென்று பார்க்கும் உரிமையையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள். எப்போதும் பூட்டியே கிடக்கும் அறை, ஒட்டடைக்குப் பதிலாகச் சாம்பல் நிறத் தூள் படிந்த சன்னல், இரவில் மட்டும் வந்து போகும் வண்டி ஆகியவற்றைக் கண்டும் காணாதவர் போல் இருத்தல் தகாது.

ஆலைக்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் கொண்டு வருவது ஆடையிலும் தலைமுடியிலும் படிந்த தூள். மாலையில் வீடு திரும்பியவுடன் பசியோடிருக்கும் பிள்ளைகளுக்காக நேரே அடுப்படிக்குச் செல்வது பெண்களின் இயல்பு. அதை மாற்றிக்கொள்ள வேண்டும். புழக்கடையில் ஆடையை மாற்றி, கைகால் முகம் கழுவி, இயன்றால் குளித்த பிறகே நெருப்பின் அருகில் செல்ல வேண்டும். குழந்தையையும் அதன் பிறகே தூக்க வேண்டும். வேலை உடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் நிறைய நீர்விட்டு அலசுங்கள். சாப்பாட்டுத் தூக்கையும் பையையும் வெளியிலேயே உதறித் துடைத்து எடுத்து வாருங்கள். ஆலையில் கழிக்கப்பட்ட காகிதத்தையும் குச்சியையும் அடுப்பு மூட்டுவதற்கென்று எடுத்து வரும் பழக்கம் எவருக்கேனும் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுவது நல்லது. எதில் மருந்து ஒட்டியிருக்கிறது என்பது அடுப்பில் போட்ட பின்னரே தெரியவரும்.

இனி அடுப்படி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலெழாமல் தரையோடு பரவி, மூலையிலும் பள்ளத்திலும் தேங்கும். கசிவின் வாடை வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம்; விசையைத் தட்டும் அந்தப் பொறியே போதும். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். சிலிண்டரை வாங்கும்போது அதன் கழுத்துப் பட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘ஏ’ என்றால் மார்ச் வரை, ‘பி’ ஜூன் வரை, ‘சி’ செப்டம்பர் வரை, ‘டி’ டிசம்பர் வரை. ‘பி 28’ என்றிருந்தால் 2028 ஜூனுக்குள் அச்சிலிண்டர் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும். தவணை கடந்ததைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. ரப்பர்க் குழாயில் வெடிப்பு காணாவிட்டாலும் அதற்குரிய கால அளவு முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

நம் கரிசல் மண்ணுக்கு மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும் குணம் உண்டு. சுவர் வெடிப்பை எல்லோரும் காண்கிறோம். பூமிக்குள் நடப்பதைக் காண்பதில்லை. மின் இணைப்பின் எர்த் கம்பி புதைந்துள்ள குழி கோடையில் வறண்டுவிட்டால், கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழியின்றித் தொடுபவர் உடலில் பாயும். பங்குனி முதல் ஆடி வரை வாரம் ஒரு குடம் தண்ணீரை அக்குழியில் ஊற்றுங்கள். செலவில்லாத காரியம், ஆனால் செய்வோர் சிலரே. மின்கசிவு நேர்ந்தவுடன் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் பொருத்திக்கொள்வது நன்று.

நம் கத்தோலிக்க இல்லங்களுக்கே உரிய சில காரியங்களும் உண்டு. திரு இருதயப் படத்தின் முன் ஏற்றும் மெழுகுவர்த்தி, பெரும்பாலும் பிளாஸ்டிக் பூமாலைக்கும் சன்னல் திரைக்கும் நடுவே நிற்கிறது. அதை மண் தட்டிலோ பித்தளைத் தட்டிலோ நிறுத்தி, குடும்ப செபம் முடிந்தவுடன் அணைத்துவிடுங்கள். உறங்கும் வீட்டில் எரிய விடாதீர்கள். கிறிஸ்து பிறப்புக் குடிலில் காய்ந்த வைக்கோலும் பனிக்கென்று வைக்கும் பஞ்சும் மின்விளக்குச் சரமும் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கின்றன. சரத்தில் ஒட்டுப் போட்ட இடங்களில் இன்சுலேஷன் டேப் சுற்றி, வைக்கோல் படாதவாறு மேலே தூக்கிக் கட்டுங்கள். காகித நட்சத்திரத்துக்குள் சூடேறும் குண்டு பல்பு வேண்டாம். தீபாவளிக்கு ஆபீஸில் கொடுத்த வெடிப் பெட்டியைப் புத்தாண்டு இரவுக்கென்று பரணில் போட்டு வைக்கும் வீடுகள் பல. அந்தப் பரணோ அடுப்புக்கு நேர் மேலே இருக்கும்! வைப்பதானால் கொஞ்சமாக, உலர்ந்த இடத்தில், அடுப்படியும் படுக்கையறையும் அல்லாத ஓரிடத்தில் வையுங்கள். வெடிக்காமல் போனதைக் குனிந்து பார்க்கவோ, பிரித்து மருந்தெடுக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். சற்று நேரம் கழித்துத் தண்ணீரைக் கொட்டி நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

தீ நேர்ந்தபின் உயிரைப் பறிப்பது பல வேளைகளில் தழல் அன்று, புகையே. 2016 அக்டோபர் 20ஆம் நாள் சிவகாசியில் வண்டியில் பட்டாசு ஏற்றுகையில் பற்றிய தீ, அருகிலிருந்த ஸ்கேன் நிலையத்தைப் புகையால் நிறைத்துவிட்டது. பட்டாசுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லாத நோயாளிகளும் பணியாளருமாக எட்டுப் பேராவது மூச்சுத்திணறி இறந்தனர். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். திருடனுக்கு அஞ்சி எல்லாச் சன்னல்களிலும் அசைக்க முடியாத இரும்புக் கம்பி பதித்திருக்கிறோம். பின்வாசல் இருந்தும் அதை நெல் மூட்டையும் பழைய சைக்கிளும் அடைத்துக் கிடக்கின்றன. அவற்றை அகற்றி, பின்கதவின் சாவியைக் கதவருகிலேயே தொங்கவிடுங்கள். பின்வாசலே இல்லாத வீட்டில் ஒரு சன்னலின் கம்பிச் சட்டத்தையேனும் உள்ளிருந்து திறக்குமாறு கீல் வைத்து மாற்றுங்கள். உள்ளூர்க் கொல்லர் செய்யக்கூடிய வேலைதான். புகை மேலெழும், ஆகவே தரையோடு தவழ்ந்து வெளியேறப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

எண்ணெய்ச் சட்டியில் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். உலோகத் தூளில் பற்றிய தீக்கும் நீர் ஆகாது. உலர்ந்த மணலே வேண்டும். பட்டாசுக் குவியலில் பற்றிய தீயை அணைக்க முயலவே வேண்டாம், ஓடுங்கள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஆலை ஒன்று தீப்பற்றியபோது, உதவவும் பார்க்கவும் ஓடியவர்கள் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினர். அன்று மாண்ட சுமார் 40 பேரில் அவ்வாறு சென்றவர்களே மிகுதி. வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளைகளை வீட்டிற்குள் அழைத்து, கண்ணாடிச் சன்னலை விட்டு விலகி நிறுத்துங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. இவ்வெண்களைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் நினைவுக்கு வராது.

ஒருவர் உடையில் தீப்பற்றினால் ஓட விடாமல் தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள், அல்லது கம்பளியால் போர்த்துங்கள். நைலான், பாலியெஸ்டர் சேலை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். தீப்பட்ட இடத்தின் மேல் சாதாரணக் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். உலர்ந்த மருந்துத் தூள் உடலில் படிந்திருந்தால் முதலில் அதைத் தட்டிவிட்டுப் பிறகு நீர் விடுங்கள். பனிக்கட்டி வேண்டாம். பேனா மை, இட்லி மாவு, பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். மருத்துவர் புண்ணைப் பார்ப்பதற்கே அவை தடையாகின்றன. வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், பஞ்சு வைக்காமல், துவைத்த மெல்லிய வேட்டித் துணியால் தளர மூடி, உடல் குளிர்ந்துவிடாமல் போர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முகம் கருகியவரும், புகையில் மாட்டிக் குரல் கம்மியவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் தாமதம் கூடாது. உள்ளே தொண்டை வீங்கிக்கொண்டிருக்கும். கடைசியாகத் தடுப்பூசி போட்ட ஆண்டை உடன் செல்பவர் சொல்ல முடிந்தால் மருத்துவருக்கு உதவியாயிருக்கும்.